சமமாகப் பங்கிட முடியாத உண்டியல்

எட்டாம் வகுப்பில் அடுக்குகள் பாடத்தைத் தொடங்கும்போது ஓர் உண்டியல் கணக்கைக் கொடுப்பது என் வழக்கம். மாதத்தின் முதல் நாள் உண்டியலில் 1 ரூபாய் போட வேண்டும். இரண்டாம் நாள் 2 ரூபாய், மூன்றாம் நாள் 4 ரூபாய். இப்படியே ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைப் போல் இரு மடங்கு. மாதக் கடைசியில் உண்டியலில் எவ்வளவு இருக்கும்?

“சில ஆயிரம் இருக்கும் சார்” என்று தொடங்குவார்கள். பத்தாம் நாளில் 512 ரூபாய் போட வேண்டும் என்று தெரிந்ததும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். 31 நாள் உள்ள மாதத்தில் கடைசி நாள் மட்டும் போட வேண்டிய தொகை 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 ரூபாய். உண்டியலில் உள்ள மொத்தம் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 ரூபாய்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கணக்கு முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். “சார், இந்தப் பணத்தை நம்ம கிளாஸ்ல எல்லாருக்கும் சமமா பிரிக்க முடியுமா?” வகுப்பில் 36 பேர். “ஒற்றைப்படை எண்ணாச்சே, 36 பேருக்கு எப்படி மீதியில்லாம போகும்?” என்றான் இன்னொருவன். சரியான பதில்தான். அவள் விடவில்லை. “அப்ப எத்தனை பேருக்குப் பிரிக்கலாம்?”

மறுநாள் ஒரு நோட்டோடு வந்தாள். 2, 3, 5, 7 என்று தொடங்கி 97 வரை உள்ள 25 பகா எண்களாலும் அந்தப் பத்து இலக்க எண்ணைக் கையால் வகுத்துப் பார்த்திருந்தாள். எல்லாவற்றிலும் மீதி வந்திருந்தது. “அது பகா எண்மா. எதாலயும் வகுபடாது” என்றேன். “எப்படி சார் தெரியும்?” என்று கேட்டாள். “பெரிய மேதைகள் கண்டுபிடிச்சிருக்காங்க, புத்தகத்துல இருக்கு” என்றேன். “சரிங்க சார்” என்று நோட்டை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அன்று மாலை முழுவதும் அந்த “சரிங்க சார்” என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் கேட்டது காரணம். நான் கொடுத்ததோ மேதைகளின் பெயரில் ஒரு முற்றுப்புள்ளி. 25 வகுத்தல்களைச் செய்துவிட்டு வந்த குழந்தைக்கு அது பதில் ஆகாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் காரணம் தெரியாது. அதன் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும், வகுப்பில் நாங்கள் செய்து பார்த்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கூட்டுத்தொகையின் வடிவம்

முதலில் 31 தொகைகளைக் கூட்டும் வழி. உண்டியலில் கூடுதலாக ஒரே ஒரு ரூபாயைப் போட்டுப் பாருங்கள். 1 ரூபாயும் 1 ரூபாயும் 2. அது இரண்டாம் நாளின் 2 ரூபாயோடு சேர்ந்து 4. அது மூன்றாம் நாளின் 4 ரூபாயோடு சேர்ந்து 8. இப்படியே சேர்ந்துகொண்டே போய் 31 நாள் முடிவில் 2³¹ ஆகிறது. போட்ட ஒரு ரூபாயைத் திரும்ப எடுத்துக்கொண்டால் மீதி இருப்பது 2³¹ – 1. பெருக்குத் தொடரின் சூத்திரம் தெரியாத ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கும் இது விளங்கும். தொடக்க வகுப்புகளில் 1, 2, 4, 8, 16 என்று எழுதிய அட்டைகளைக் கொடுத்து, கூடுதலாக ஒரு மணியைச் சேர்க்கச் சொன்னால் போதும்.

மாதத்துக்கு மாதம் மாறும் விடை

அடுத்த வகுப்பில் நான் அந்த மாணவியிடம், “நேற்று நான் சொன்னது பதில் இல்லை. நாம சேர்ந்து தேடுவோம்” என்றேன். 31 நாள் மாதத்தை விட்டுவிட்டு மற்ற மாதங்களிலிருந்து தொடங்கினோம்.

30 நாள் மாதத்தில் மொத்தம் 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 823 ரூபாய். 30 நாளை ஐந்து ஐந்து நாளாக ஆறு கட்டாகப் பிரிக்கலாம். முதல் கட்டின் தொகை 1 + 2 + 4 + 8 + 16 = 31. அடுத்த கட்டில் ஒவ்வொரு நாளின் தொகையும் முந்தைய கட்டைப் போல் 32 மடங்கு. ஆகவே ஒவ்வொரு கட்டும் 31-இன் மடங்கு. மொத்தமும் 31-இன் மடங்கு. எனவே 31 பேருக்குச் சமமாகப் பிரிக்கலாம். வகுத்துப் பார்க்கவே தேவையில்லை.

28 நாள் பிப்ரவரியில் நான்கு வாரங்கள். முதல் வாரத்தின் தொகை 127. அடுத்தடுத்த வாரங்கள் ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் 128 மடங்கு. ஆகவே 127 பேருக்குப் பிரிக்கலாம்.

இதிலிருந்து மாணவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். நாள்களின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால் நாள்களைச் சமமான கட்டுகளாகப் பிரிக்க முடியும். அப்போது உண்டியல் தொகையும் பகு எண்ணாகவே இருக்கும்.

“அப்ப நாள் பகா எண்ணா இருந்தா தொகையும் பகா எண்ணா சார்?” என்று பலரும் கேட்டார்கள். 2 நாளுக்கு 3, 3 நாளுக்கு 7, 5 நாளுக்கு 31, 7 நாளுக்கு 127. நான்குமே பகா எண்கள். வகுப்பே ஆமாம் என்றது. 11 நாளைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தொகை 2047. சற்று நேரத்தில் ஒருவன் 23 × 89 = 2047 என்று எழுதிக் காட்டினான். நான்கு எடுத்துக்காட்டுகள் காட்டிய வழி ஐந்தாவதில் அடைபட்டது. எடுத்துக்காட்டுகள் எத்தனை இருந்தாலும் அவை நிரூபணம் ஆகா என்பதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

எங்கே தேடுவது?

31 நாளுக்கு வருவோம். 46,340-இன் வர்க்கம் நம் எண்ணைவிடச் சிறியது. 46,341-இன் வர்க்கம் பெரியது. ஆகவே நம் எண்ணுக்குக் காரணி இருந்தால், அவற்றுள் மிகச் சிறியது 46,340-ஐத் தாண்டாது. அதுவும் ஒரு பகா எண்ணாகவே இருக்கும். ஆனால் எரடோஸ்தனிஸ் சல்லடையில் 46,340 வரை சலித்தால் 4,792 பகா எண்கள் நிற்கும். நம் மாணவி முடித்தது அவற்றில் 25. இந்த வேகத்தில் போனால் ஆறு மாதம் போதாது.

இங்கேதான் மீதிகளின் வட்டம் உதவுகிறது. 7 என்ற பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். 1-இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போய், 7-ஆல் வகுத்த மீதியை மட்டும் எழுதினால் 1, 2, 4, மீண்டும் 1. இது மூன்று எண்கள் கொண்ட வட்டம். விடுபட்ட 3-இல் தொடங்கினால் 3, 6, 5, மீண்டும் 3. இதுவும் மூன்று எண்கள் கொண்ட வட்டம். 1 முதல் 6 வரை உள்ள ஆறு மீதிகளும் இரண்டு சம வட்டங்களாகப் பிரிந்துவிட்டன. 17-ஐ எடுத்தால் 16 மீதிகளும் எட்டெட்டாக இரண்டு வட்டங்களாகப் பிரியும்.

வட்டங்கள் ஏன் சமமாக இருக்கின்றன? முதல் வட்டத்தில் உள்ளவற்றை 3-ஆல் பெருக்கினால் இரண்டாம் வட்டம் அப்படியே கிடைக்கிறது. வகுஎண் பகா எண்ணாக இருப்பதால், பெருக்கும்போது இரண்டு வேறு மீதிகள் ஒன்றாகிவிடுவதும் இல்லை. எந்தப் பகா எண்ணுக்கும் (2 நீங்கலாக) இது பொருந்தும். வட்டத்தின் நீளம் அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைந்த எண்ணை மீதியின்றி வகுக்கும். ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தின் அடியில் இருப்பது இந்தச் செய்திதான். பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் நடத்துவோர் இதை அப்படியே பயன்படுத்தலாம்.

இப்போது ஏதோ ஒரு பகா எண் 2³¹ – 1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 31 முறை இரட்டித்ததும் மீதி மீண்டும் 1-க்கு வந்துவிடும். ஒரு வட்டத்தில் 31 அடி நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்தால், வட்டத்தின் நீளம் 31-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் நீளம் 1 அல்லது 31. ஒரே அடியில் 1 என்பது 1-க்குத் திரும்பாது, 2-க்குத்தான் போகும். ஆகவே நீளம் 31. அப்படியானால் அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் குறைத்தால் 31-இன் மடங்கு கிடைக்க வேண்டும். அது ஒற்றைப்படை எண் என்பதால், ஒன்றைக் குறைத்தால் 62-இன் மடங்காகவே இருக்கும்.

அதாவது காரணி இருந்தால் அது 63, 125, 187, 249, 311 என்ற வரிசையில் மட்டுமே இருக்க முடியும். இவற்றில் முதல் நான்கும் பகு எண்கள். முதல் பகா எண் 311. மாணவி வகுத்துப் பார்த்த 25 எண்களில் ஒன்றுகூட இந்த வரிசையில் இல்லை.

இந்த வழியை நம்பலாமா என்று பார்க்க 29 நாள் பிப்ரவரியை எடுத்தோம். 29 பகா எண். தொகை 53 கோடியே 68 லட்சத்து 70 ஆயிரத்து 911 ரூபாய். இதே முறைப்படி காரணி 58-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும்: 59, 117, 175, 233. 59-ஆல் வகுத்தால் மீதி வந்தது. 117, 175 இரண்டும் பகு எண்கள். 233-ஆல் வகுத்தபோது மீதி 0. இரண்டே வகுத்தலில் விடை வந்ததும் வகுப்பில் எழுந்த சத்தம் பக்கத்து அறை வரை கேட்டது. முழுப் பிரிப்பு 233 × 1103 × 2089.

நானூறு ஆண்டுக் கதை

இந்த இடத்தில் மாணவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொன்னேன். இத்தாலியின் பொலோனா நகரைச் சேர்ந்த கட்டால்டி 1603-இல் வெளியிட்ட நூலில், 2¹⁷ – 1, 2¹⁹ – 1 இரண்டும் பகா எண்கள் என்று வகுத்துப் பார்த்தே காட்டினார். 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கும் அப்படித்தான் என்று சொல்லிவைத்தார். 1640-இல் ஃபெர்மா அவற்றில் இரண்டைத் தவறு என்று காட்டினார். 2²³ – 1-ஐ 47 வகுக்கும். 2³⁷ – 1-ஐ 223 வகுக்கும். 47 என்பது 46-ஐவிட ஒன்று கூடுதல். 223 என்பது 74-இன் மும்மடங்கைவிட ஒன்று கூடுதல். அதே வரிசைதான். 29-க்கு உரியதும் தவறு என்று 1738-இல் ஆய்லர் காட்டினார். நான்கில் மூன்று விழுந்துவிட்டன. எஞ்சியது 31.

அதற்கும் விடை கண்டவர் ஆய்லர்தான். 1772-இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் 2³¹ – 1 பகா எண் என்று தெரிவித்தார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்தவர். பார்வையை ஏறக்குறைய முழுவதுமாக இழந்திருந்தார். அவர் இன்னொரு சல்லடையையும் பயன்படுத்தினார். காரணி இருந்தால் அதை 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்க வேண்டும் என்பது அது. 46,340 வரை 62-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலான எண்கள் 747. இரண்டாம் சல்லடையில் 63-ஐ விட்டுவிட்டால் 372 மட்டுமே மிஞ்சும். அவற்றிலும் பகு எண்களை நீக்கினால் இன்னும் குறையும்.

வகுப்பு எடுத்த முடிவு

372 எண்களை 36 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பத்துதான். அப்படியே செய்யலாம் என்று நினைத்தேன். “இந்த ரெண்டாவது சல்லடை ஏன் சரின்னு சொல்ல இன்னும் கொஞ்சம் கணக்கு படிக்கணும். அது உங்க பாடத்துல இல்லை. இது நிரூபிக்கப்பட்டது, ஆனா நாம நிரூபிக்கல” என்று ஒளிக்காமல் சொன்னேன்.

அந்த மாணவி எழுந்தாள். “அப்ப அது வேணாம் சார். 747-ஐயே போட்டுப் பார்ப்போம்.”

யாரும் மறுக்கவில்லை. வேலை இரட்டிப்பாகும் என்று தெரிந்தே எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். 3, 5, 7, 11, 13 ஆகியவற்றின் மடங்குகளை முதலில் அடித்தோம். நம் எண்ணை இந்த ஐந்தும் வகுக்கவில்லை என்று மாணவியின் நோட்டிலேயே இருந்தது. 3 வகுக்காத எண்ணை 3-இன் மடங்கும் வகுக்காது அல்லவா? அடித்தது போக ஆளுக்கு ஏழு அல்லது எட்டு எண்கள் மிஞ்சின. ஒரு வாரம், ஒவ்வொரு கணக்குப் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம். வகுத்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரோடு நோட்டை மாற்றிக்கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பது விதி.

மூன்றாம் நாள் ஒருவன் “சார், 1303-ல மீதி 0” என்று கத்தினான். ஒரு நிமிடம் எனக்கே திக்கென்றது. பக்கத்தில் இருந்தவள் அவன் நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஈவு 7-ல முடியுது சார். மூவேழு இருபத்தொண்ணு. பெருக்கினா 1-ல முடியணும். நம்ம எண் 7-ல முடியுதே.” மீண்டும் வகுத்தபோது ஈவு 16,48,107, மீதி 226. கடைசிக் கழித்தலில் பிழை செய்திருந்தான். விடை தவறு என்று கண்டுபிடிக்க முழு வகுத்தலையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை என்பதை அன்று வகுப்பு முழுவதும் தெரிந்துகொண்டது.

வாரக் கடைசியில் எல்லா நோட்டுகளும் வந்தன. எதிலும் மீதி 0 இல்லை. 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 ரூபாயை ஒருவரே வைத்துக்கொள்ளலாம். அல்லது ஆளுக்கு ஒரு ரூபாயாக அத்தனை பேருக்கும் கொடுக்கலாம். வேறு வழியே இல்லை.

“இதனால் என்ன பயன்?”

நம் வகுப்புகளில் தவறாமல் வரும் கேள்வி இது. 1811-இல் ஆங்கிலக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ ஏறத்தாழ இதையே சொன்னார். ஆய்லரின் பகா எண்ணிலிருந்து 2³⁰ × (2³¹ – 1) என்ற 19 இலக்க நிறைவு எண் கிடைக்கிறது. (தன்னைவிடச் சிறிய காரணிகளின் கூடுதலுக்குச் சமமான 6, 28 போன்றவை நிறைவு எண்கள்.) இதைவிடப் பெரியதை யாரும் காணப்போவதில்லை என்றும், பயனற்ற வேடிக்கை என்பதால் யாரும் தேட மாட்டார்கள் என்றும் பார்லோ கருதினார். 1876-இலேயே லூகாஸ் 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ – 1 பகா எண் என்று காட்டிவிட்டார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண்ணில் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். அதுவும் 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்ததுதான்.

பயன் பற்றிய கணிப்பும் பொய்த்தது. கணினிகளில் தற்போக்கு எண்களை உருவாக்கும் ஒரு புகழ்பெற்ற முறையில், முந்தைய எண்ணை 16,807-ஆல் பெருக்கி 2³¹ – 1-ஆல் வகுத்து மீதியை எடுப்பார்கள். அது பகா எண்ணாக இருப்பதால், இந்த மீதிகள் 214 கோடிக்கு மேற்பட்ட எண்களையும் ஒன்று விடாமல் தொட்ட பிறகே தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். நாம் 7-க்கு வரைந்த அதே வட்டம், இங்கே ஒரே பெரிய வட்டமாக இருக்கிறது.

இன்னொரு செய்தி. பல கணினிகளில் ஒரு முழு எண்ணுக்கு 32 இடங்கள். ஒன்று குறிக்கு, எஞ்சிய 31 இடங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் நம் உண்டியல் தொகைதான். இதற்குக் காரணம் 31 இடங்கள் என்பதே. பகா எண் என்பது அல்ல. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இத்தகைய கணினிகளில் நேரம் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளாக எண்ணப்படுகிறது. 2,14,74,83,647 நொடிகளை 86,400-ஆல் வகுத்தால் 24,855 நாள்கள். மீதி 11,647 நொடிகள், அதாவது 3 மணி 14 நிமிடம் 7 நொடி. அந்த எண்ணிக்கை நிரம்பும் நேரம் 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. பழைய முறையில் எண்ணும் கணினிகளை அதற்குள் மாற்றியாக வேண்டும். ஆறாம் வகுப்பு வகுத்தலுக்கு இது நல்ல பயிற்சி. அப்போது தங்களுக்கு என்ன வயது இருக்கும் என்று பிள்ளைகள் தாங்களாகவே கணக்கிடத் தொடங்கிவிடுவார்கள்.

நான் மாற்றிக்கொண்டது

“எப்படித் தெரியும்?” என்று ஒரு குழந்தை கேட்டால் இப்போது நான் பதிலை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன். இதை நாமே இப்போது காட்ட முடியும்; இது காட்டப்பட்டுவிட்டது, நீ மேல்வகுப்பில் படிப்பாய்; இது யாருக்கும் தெரியாது. மூன்றாவதற்கும் நம் உண்டியலிலேயே எடுத்துக்காட்டு உண்டு. இந்த வகைப் பகா எண்கள் 2024 வரை 52 கிடைத்துள்ளன. அவை முடிவின்றி வருமா, எங்காவது நின்றுவிடுமா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகக் கேட்கிறது.

ஆண்டு முடிவில் அந்த மாணவியின் நோட்டைத் திருத்தும்போது பழைய 25 வகுத்தல்களைப் பார்த்தேன். அவற்றின் அடியில் பச்சைப் பேனாவில் எழுதியிருந்தாள்: “இவை எதுவும் தேவையில்லை. காரணம் அடுத்த பக்கத்தில்.” அடுத்த பக்கத்தில் வட்டங்களை வரைந்திருந்தாள்.